கை மாறிய பென்சில்

வியாழக்கிழமை மதியம் கடையில் மின்சாரம் போய்விட்டது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெளிச்சமில்லாமல் வெட்டினால் துணி கோணிக்கொள்ளும் என்று முதலாளி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாஸ்டருக்குப் பகல் மூன்றரை மணிக்குத் தன் வீடு எப்படியிருக்கும் என்று தெரியாது. மருந்துக்கடையில் காலை ஷிப்டு முடித்து வந்த மனைவி தூங்கிக்கொண்டிருப்பாள் என்று சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினார்.

மகள் சமையலறை மேசைமுன் நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. செய்யும் சேட்டைக்கு வீட்டில் வாலு என்று பெயர். கீழ்ப்படியில் எப்போதும் படுத்திருக்கும் பூனையைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. பூனையின் முதுகு ஒரே இழுப்பில், எங்கும் தயங்காமல் வளைந்து இறங்கியது. பதினேழு வருஷமாகத் துணியில் கோடு போடுகிறவர் மாஸ்டர். பயமில்லாத கோடு எப்படியிருக்கும் என்று பார்த்தாலே அவருக்குத் தெரியும். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் பென்சில் அவளுடைய இடது கையில் இருப்பது கண்ணில் பட்டது.

தோள்பையைக் கீழே வைத்தார். உள்ளே கத்தரிக்கோல் கணீரென்றது. அவள் திரும்பவில்லை, திடுக்கிடவும் இல்லை. பென்சில் மட்டும் இடது கையிலிருந்து வலது கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களாப்பா?"

"கரண்ட் போயிடுச்சும்மா."

அவர் பக்கத்தில் நிற்கும்போதே பூனைக்கு வால் போட்டாள். துடைப்பக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது அது. அவளே முகத்தைச் சுளித்து ரப்பரால் அழித்தாள், மறுபடி போட்டாள், மறுபடியும் குச்சிதான். மூன்றாவது முறை தாளே கிழிந்தது. மாஸ்டர் சட்டை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அவரும் பீச்சாங்கைக்காரராகப் பிறந்தவர்தான். அவருடைய அப்பா மர ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்து அதை மாற்றினார். ஒரு வருஷம் அடி, அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். மிச்சமிருந்தது ஒரே ஒரு தொந்தரவுதான். வலது எது, இடது எது என்று சட்டென்று சொல்ல வராது. வாடிக்கையாளர் திரைச்சீலை எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொன்னால், மேசைக்கடியில் கையை விட்டு, கத்தரிக்கோல் காய்ப்பு எந்தக் கட்டைவிரலில் இருக்கிறதென்று தடவிப் பார்த்துத்தான் எழுதுவார். ஒருமுறை தடவ மறந்து, ஒரு ஓட்டலின் இருபத்திரண்டு ஜன்னலுக்கும் கொக்கி வரும் பக்கத்தை மாற்றி வெட்டிவிட்டார். இன்றைக்கும் கடையில் அவரைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றால், "மாஸ்டர், வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும்.

அதனால் மகள் முதல்முதலாக ஸ்பூனை இடது கையில் பிடித்தபோது அவர் தன் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தார். வெளியே யாராவது இவளை அடிப்பதற்கு முன்னால் நாமே மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அடிக்கக் கூடாது, அதட்டக்கூடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் இடது கையில் எதை எடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, அதை மெல்ல உருவி, வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து, புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, "அவ்ளோதான்" என்பார். அந்த நாட்களில் மாலை வகுப்புக்குப் போய்த் துணி வெட்டும் கணக்கு படித்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற தவறை எண்ணி எழுதினால் தவறு குறையும் என்று வகுப்பில் சொன்னார்கள். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் மகள் ஒரு நாளில் எத்தனை முறை இடது கையை நீட்டுகிறாள் என்பதையும் எழுத ஆரம்பித்தார். திங்கள் பதினாலு, செவ்வாய் பதினாறு, புதன் பதினொன்று. ஏழு மாதம் எழுதினார். சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் நடுவில் பலமுறை வந்தது. வரும்போதெல்லாம் நோட்டைப் பிரித்து, எண்கள் இறங்குவதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டார். முதல் பூஜ்ஜியம் விழுந்த அன்று மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அப்பாவைப்போல இல்லாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் துணி மடிக்கும்போது மனைவியிடம் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

"இப்பத்தான் தெரியுதா? நீங்க இல்லாதப்ப எல்லாமே அந்தக் கையிலதான். படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டா மாத்திக்குவா."

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

"என்னத்தச் சொல்ல? ஐஸ்கிரீமும் கையுமா அவ்வளவு சந்தோஷமா வந்து நின்னீங்க." ஒரு தலையணை உறையை இரண்டு முறை உதறி மடித்த பிறகு மறுபடி பேசினாள். "உங்கப்பா அடிச்சாரு. யார்மேல கோபப்படணும்னாவது உங்களுக்குத் தெரிஞ்சுது. இவ யார்மேல கோபப்படுவா?"

அவருக்குப் போன வாரம் பேருந்தில், இறங்க வேண்டிய இடம் வலது பக்கமா என்று மகளைக் கேட்டபோது, அவள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே காய்ப்பு எதுவும் கிடையாது. அவரைப் பார்த்துப் பழகியிருந்தாள். அப்போது அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

சனிக்கிழமை அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அங்கே அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் அன்றைக்குத்தான் முதல்முதலாக அவருடைய இடது கையில் பேனாவைக் கொடுத்தாள். சும்மா கிறுக்கினால் போதும், எழுத்து வர மூன்று மாதமாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் கிழவர் தன் பெயரை முழுசாக எழுதியிருந்தார். நடுக்கமில்லை. உருண்டை உருண்டையான எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி.

"தாத்தா, பெரிய ஆளா இருக்கீங்களே," என்றாள் அந்தப் பெண். "எத்தனை நாளா இதை ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"எழுவது வருஷம்," என்றார் கிழவர்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வைமேல் செத்தாற்போல் கிடந்த அப்பாவின் வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் அப்பா எப்போதும் ஒரு ரப்பர்பேண்ட் போட்டிருப்பார். காகிதம் கட்டுவதற்கு வைத்திருக்கிறார், குமாஸ்தா புத்தி என்று வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். தூங்கும்போதுகூட அதைக் கழற்றாத மனிதர் ஒருநாளும் அதை எடுத்து எதையும் கட்டியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மாஸ்டரின் விரல் தானாகவே கட்டைவிரல் காய்ப்பைத் தொட்டது.

கிழவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"எங்கப்பா இந்தக் கைய முதுகுக்குப் பின்னால கட்டிப்போடுவாரு. உன் கையப் பாத்ததும்... என் கைதான் வந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. பயந்துட்டேன்."

மாஸ்டர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். கிழவர் இடது கையால் வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார்.

"பாப்பாவுக்கு?"

"சோத்தாங்கைதான்ப்பா," என்றார் மாஸ்டர்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லவேளை," என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் மாஸ்டர் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தார். அப்பாவிடம் பொய் சொல்லவில்லை. நோட்டில் பூஜ்ஜியம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் மறுபடி அதே பூனையைப் புதுத் தாளில் வரைந்துகொண்டிருந்தாள். வலது கையால். மாஸ்டர் எதிரில் உட்கார்ந்தார். என்ன சொல்வது என்று பல் தேய்க்கும்போதே யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"வாலு, உனக்கு எந்தக் கை வசதியோ அதுலயே வரை. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பள்ளியில் வாய்ப்பாடு கேட்கும்போது பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது.

"இந்தக் கைதான்ப்பா வசதி," என்று வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நான் இல்லாதப்ப..."

"இல்லப்பா. இதுலதான்." பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நிஜமா."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. டப்பாவிலிருந்து இன்னொரு பென்சிலை எடுத்து, ஒரு பழைய பில்லைத் திருப்பிப்போட்டு, இடது கையால் பூனை வரையத் தொடங்கினார். முப்பது வருஷம் சும்மா இருந்த கை. காது முக்கோணமாகாமல் பிளந்துகொண்டது, முதுகு பாதியில் நின்று நடுங்கியது. அவள் தன் படத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கம் வந்தாள். அவருடைய இடது கையிலிருந்து பென்சிலை மெல்ல உருவினாள். வலது கையில் வைத்தாள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மடித்தாள். புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அவ்ளோதான்," என்றாள்.

குரலில் கேலி இல்லை. அத்தனையும் அன்புதான்.

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் பென்சிலை மறுபடி இடது கைக்கு மாற்றினார். பூனையின் வால்வரை வந்திருந்தார். முழங்கை பட்டு ரப்பர் கீழே உருண்டது. எடுக்கக் குனிந்தவர் மேசைக்கடியில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். மகளின் இடது கை அவள் மடியில் கிடந்தது. அதன் ஆள்காட்டி விரல் முழங்காலின்மேல், கவுன் துணியில், ஒரு வளைவை நிதானமாக வரைந்தது. நுனியில் சின்னதாக ஒரு சுழிப்பு. பிறகு மறுபடியும் தொடக்கத்திலிருந்து.