ஷஹீத் என்ற சொல்

ஈஸ்டர் குண்டுகள் வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். என் தங்கச்சி றோஸ் குண்டு வெடித்த அன்றைக்கு மாதா கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தபோது கூரை சரிந்து செத்தவள். அது அங்கே பொலிஸாருக்கும் வந்திருந்தவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவரோர மர வாங்கில் அக்குறணை ஊர்க்காரப் பெண் றிஸானா உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் இஃபாஸ் கூண்டுக்குள். செத்துப்போன தகப்பனின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, ‘என் வாப்பா ஷஹீத்’ என்று எழுதியிருந்தான். குண்டு வைத்தவர்களையும் உயிர்த்தியாகி என்று அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள் என்று டிவியில் ஓயாமல் காட்டினார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் டிவியை அணைத்துவிடுவேன்.

“அர்த்தத்தைக் கேளுங்க, மிஸ். நீங்க சொல்றதை எழுதுறேன்” என்றார் பொறுப்பதிகாரி சிங்களத்தில்.

றிஸானாவிடம் கேட்டேன்.

“இவன்ட வாப்பா போன வருஷ வெள்ளத்துல கடைச் சாமான் தூக்கப் போய் மௌத்தானவரு, மிஸ். எங்கட மார்க்கத்துல தண்ணியில மௌத்தானா ஷஹீத்து. வேற ஒண்டுமில்ல, அல்லா மேல சத்தியமா.”

சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தலையாட்டி எழுதினார். பையனை விட்டுவிடுவார் போலிருந்தது.

றிஸானா என் கையைப் பிடித்தார். “கட்டடம் இடிஞ்சு மௌத்தானாலும் அப்படித்தான், மிஸ். உங்கட தங்கச்சியும் ஷஹீத்துதான்.”

உடைந்து அழுதேன். எங்கள் பங்குச் சுவாமி றோஸை விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி என்றபோதுகூட நான் அப்படி அழவில்லை. கோபத்தில் அழவில்லை. அந்த ஒரு மாதத்தில் என் நெஞ்சில் பட்ட ஒரே ஆறுதல் அதுதான்.

“ஏன் அழுறீங்க? அவ என்ன சொன்னா?” என்றார் அதிகாரி.

ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்ப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. “குண்டு வைச்சவனுக்குச் சொல்ற சொல்லை அவன் கொன்ன பிள்ளைக்கும் சொல்றாங்களா? செத்த பிள்ளையையும் விடமாட்டாங்களா இவங்க?”

“ஐயோ சேர், அவங்க எனக்கு ஆறுதல் சொன்னாங்க!”

“இவங்க மிரட்டுறதுக்கெல்லாம் பயப்படாதீங்க, மிஸ்” என்று தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு, வேகமாக எழுதினார். நான் கெஞ்சியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

இஃபாஸைப் பயங்கரவாத விசாரணைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினார்கள். றிஸானா என்னிடம் ஓடி வந்தார்.

“சரியாச் சொன்னீங்களா, மிஸ்?”

“ஒரு சொல் விடாமச் சொன்னேன்.”

“அப்ப ஏன் மிஸ் கொண்டுபோறாங்க?”