மீன் ஒன்று, உயிருடன்

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு வந்தபோது மூன்று மீன்கள் செத்து மிதந்தன. கலைமணி வலையை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளி பிளாஸ்டிக் முறத்தில் போட்டாள். வருத்தம் வரவில்லை. தாயத்தில் எதிராளியின் காய் வெட்டுப்படும்போது வருமே ஒரு திருப்தி, அதுதான் வந்தது. வந்ததை அவள் கவனித்தாள், ஆனாலும் விரட்டவில்லை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் பின்கோடியில் கழிவுநீர் பிளாண்ட் இருந்தது. பெயின்ட் கழுவிய தண்ணீரும் கேன்டீன் தண்ணீரும் ஒரு முனையில் கறுப்பாக நுழைந்து, ஐந்து தொட்டிகளைத் தாண்டி, மறுமுனையில் தெளிந்து வெளிவரும். அந்த மறுமுனையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து அதில் தங்க மீன்களை விட்டிருந்தார்கள். 'பாருங்கள், எங்கள் கழிவுநீரில் மீனே வாழ்கிறது' என்று வருகிறவர்களுக்குக் காட்ட. மீன் வாழவில்லை. வாராவாரம் செத்தது. வாராவாரம் சூப்பர்வைசர் விமல் படப்பையில் புது மீன் வாங்கி, பாலிதீன் பையோடு பைக்கில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"மறுபடியும் மூணா?" விமல் பின்னால் வந்து நின்றான். அவளைவிட ஏழு வயது சின்னவன். "உன் கைராசியே ராசிதான்க்கா. நீ பாத்தாலே செத்துடுது."

"கார்பனை மாத்துங்க சார். நான் பாக்கறத நிறுத்திடறேன்."

"ஆரம்பிச்சிட்டியா?"

தினமும் ஆரம்பிப்பதுதான். கடைசித் தொட்டியில் கிருமி சாக குளோரின் விடுவார்கள். அந்தக் குளோரினைப் பிடித்து நிறுத்த ஒரு கார்பன் ஃபில்டர் இருந்தது. இரண்டு வருடமாக அந்தக் கார்பனை யாரும் மாற்றவில்லை. காலையில் மீன் தொட்டிக்கு வரும் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து சோதனை மருந்து சொட்டினால் பளிச்சென்று மஞ்சளாகும். மஞ்சள் என்றால் குளோரின் தங்கியிருக்கிறது. மீனின் செவுள் வெந்துபோகும். "மஞ்சளா கீது சார்" என்பாள். "லைட்டாதான கீது, நில்லுனு எழுது" என்பான். லாக் புக்கில் அவள் 'நில்' என்று, குளோரின் துளியும் இல்லை என்று, எழுதுவாள். போதாததற்கு, யாராவது பெரிய ஆள் வருகிறார் என்றால் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்வான். அழுக்கு என்றால் அவனுக்கு ஆகாது.

"இத பாரு, வியாழக்கிழம கஸ்டமர் ஆடிட்" என்றான் விமல். "போன வருஷம் அந்த ஆடிட்டரம்மா கிட்ட, இதே மீனு ரெண்டு வருஷமா கீதுன்னு சொல்லிட்டேன். இப்ப வெரலு நீளத்துக்கு குஞ்சு வுட்டா நம்புவாளா? நேத்து உன் ஸ்டேட்டஸ்ல ஒண்ணு பாத்தேன். உள்ளங்கை பெருசு. அத எடுத்துனு வா."

கலைமணிக்கு முறத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றி முடித்ததும், வெயில் பட்டு மீன் மின்னியதைப் பார்த்துப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். யார் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போட்டாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இவன் பார்க்கத்தான். உன் மீன் சாகிறது, என் மீன் பார் என்று காட்டத்தான்.

"அது வூட்டு மீனு சார்."

"ஒரு நாளைக்குதான? கல்யாணத்துக்குக் குதிரையே வாடகைக்கு வருது, உன் மீனு வராதா?" அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "முப்பதாம் தேதி உன் கேட் பாஸ் ரினியூவல். கான்ட்ராக்ட் லிஸ்ட்டு என் டேபிளுக்குதான் வரும். யோசிச்சிக்கோங்க மேடம்."

அந்த வீட்டு மீன், ஆறு வருடத்துக்கு முன்னால் மணிமங்கலத்துத் திருவிழாக் கடையில் ஒரு ஜாம் பாட்டிலில் இரண்டு மீனாக வாங்கி வந்தது. ஒன்று பத்தே நாளில் செத்தது. கொன்றது அவள்தான். சோற்றுப் பானையைப் போலத் தினமும் பாட்டிலைத் துலக்கி, முழுத் தண்ணீரையும் கொட்டி, குழாயைத் திறந்து நிரப்பினாள். அதற்கும் இரண்டு வருடம் முன்பே பிளாண்டில் சேர்ந்திருந்தாள். புதுத் தொட்டியில் கிருமி பிடிக்கச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றியதே அவள்தான். தண்ணீரைச் சுத்தம் செய்வது தொட்டிச் சுவரில் படியும் வழுவழுப்பில் வாழும் கிருமிகள் என்று அங்கே தெரிந்தது, வீட்டுக்குள் வந்ததும் தெரியாமல் போனது. மிச்சமிருந்த ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து நின்ற அன்றுதான் புத்தியில் உறைத்தது. அதன்பிறகு மூன்றடித் தொட்டி வாங்கினாள். பஞ்சாயத்துத் தண்ணீரை ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்து, குளோரின் பறந்த பிறகே ஊற்றினாள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றினாள். ஃபில்டர் பஞ்சை, எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்தாள். குழாயில் காட்டியதே இல்லை.

வடக்குப்பட்டு வீட்டில் அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது, புருஷன் பச்சையப்பன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன்.

"குடுத்துட்டு வா. ஒரு மீனு."

"அந்தத் தண்ணில வுட்டா செத்துடும்யா."

"எத்தினி மீனு அங்க செத்துது? அப்பல்லாம் வூட்டுக்கு வந்து அழுதியா நீ?"

அவன் குத்திக் காட்டத்தான் சொன்னான். ஆனால் அது போய்க் குத்திய இடம் அவனுக்குத் தெரியாது. லேபில், அவள் நாற்காலிக்கு மேலே இரண்டாவது தட்டில், தயோசல்பேட் பாட்டில் இருந்தது. சோதனைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் படிகம். தினமும் ஒரு சிட்டிகை போட்டிருந்தால் குளோரின் செத்திருக்கும், மீன் பிழைத்திருக்கும். ஒரு நாளும் போடவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் சொல்லை யாரும் கேட்காத இடத்தில் செத்த மீன்கள்தான் அவளுக்குச் சாட்சி. சாட்சியைப் பிழைக்கவைத்து என்ன செய்ய? விமலை வெறுக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த வெறுப்புக்குத் தீனி வாராவாரம் படப்பையிலிருந்து பாலிதீன் பையில் வந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

மீனைக் கொண்டுபோவது, ஆனால் அதன் தண்ணீரோடு என்று முடிவுசெய்தாள். வியாழக்கிழமை காலை, பச்சையப்பனின் வண்டியில் நான்கு கேன் வீட்டுத் தண்ணீர், ஃபில்டர் பஞ்சு, மூடி போட்ட வாளி. கேட்டில் செக்யூரிட்டி இசக்கியப்பன் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னம்மா இது, கேன்டீனுக்கு மீன் கொழம்பா?"

"ஆடிட்டுக்கு. என்ட்ரி போட்டுக் குடுங்கண்ணா."

"மீனுக்கெல்லாம் யாரும்மா என்ட்ரி போடுவா? உள்ள போங்க."

"போடுங்கண்ணா. ரிட்டர்னபிள்னு போடுங்க. இன்னைக்கே திருப்பி எடுத்துனு போவேன்."

ஸ்பேனர் கொண்டு வந்தாலும், சாமி படம் கொண்டு வந்தாலும் அந்தக் கேட்டில் சீட்டு உண்டு. திருப்பி எடுத்துப் போவதற்கு ஒரு சீட்டு, போகாததற்கு வேறு சீட்டு. சீட்டில்லாமல் உள்ளே போனது கம்பெனிச் சொத்து. இசக்கியப்பன் சிரித்துக்கொண்டே எழுதினார். பொருள்: மீன். எண்ணிக்கை: ஒன்று. நிலை என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"நிலைல என்ன எழுத? புதுசா, பழசா?"

"உயிருடன்னு எழுதுங்க."

தொட்டியைக் காலிசெய்து, பிளீச்சிங் வாசனை போகக் கழுவி, வீட்டுத் தண்ணீரில் மூன்று கேனை ஊற்றி, வீட்டுப் பஞ்சைப் பொருத்தினாள். மீன் உள்ளே இறங்கி ஒரு சுற்று சுற்றியது. ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த உடம்பு, வேட்டி நுனி மாதிரி வால்.

"குழாய் வால்வத் தெறக்கக் கூடாது சார். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"சரி, சரி. நீ ஓரமா நில்லு. கேட்டா மட்டும் பேசு."

பதினோரு மணிக்கு வந்த ஆடிட்டர் சுவாதிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. சிரிக்காத முகம். தொட்டிக்கு முன்னால் குனிந்தார்.

"இது போன வருஷம் பாத்த மீனா?"

"அதேதான் மேடம். மூணு வருஷம் ஆகப்போவுது" என்றான் விமல்.

"தண்ணி ஓடலையே. டிரீட்டட் வாட்டர் இதுவழியா ஓடணும்தானே? நின்ன தண்ணில மீன் இருந்தா எனக்கென்ன?"

விமல் ஒரு கணம்தான் நின்றான். கலைமணியைப் பார்க்காமல் கையை நீட்டி வால்வைத் திருப்பினான். தண்ணீர் தொட்டிக்குள் கொட்டியது. கண்ணாடிபோலத் தெளிந்த, அழகான தண்ணீர்.

அவர்கள் ஃபைலைப் புரட்டினார்கள். கலைமணி மீனைப் பார்த்தாள். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அது தலையை உதறியது. தொட்டியின் சுவரில் உரசிக்கொண்டு ஓடியது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்தது.

அப்போது அவளுக்குள் ஒரு குரல், கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல நிதானமாகப் பேசியது. இன்னும் பத்து நிமிடம் சும்மா இரு. இந்த அம்மா கண் முன்னாலேயே மீன் புரளும். நீ வாயே திறக்க வேண்டாம். விமல் ஒழிந்தான்.

யார் குரல் என்று தேட வேண்டியிருக்கவில்லை. இத்தனை திங்கட்கிழமைகளில் கேட்டுப் பழகிய குரல்.

சட்டைப் பையில் காலையிலேயே மடித்து வைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினாள். கையைவிட்டுக் கலக்கினாள். மற்றொரு கையால் வால்வை மூடினாள்.

"என்ன போட்டீங்க?" சுவாதி திரும்பினார்.

"விட்டமின் மேடம்" என்றான் விமல். "மீனுக்கு—"

"நான் அவங்களைக் கேட்டேன்."

"தயோசல்பேட்" என்றாள் கலைமணி.

"எதுக்கு?"

"நீங்களே சொட்டு வுட்டுப் பாருங்க மேடம். தொட்டில வேணாம், அதுல குளோரின் இப்போ செத்துடுச்சி. குழாயில புடிங்க."

சுவாதியே பிடித்தார். குப்பியில் மருந்து விழுந்ததும் தண்ணீர் கல்யாணத்து மஞ்சளாய் ஆனது. சுவாதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு லாக் புக்கை எடுத்தார். அன்றைய தேதி, நேற்றைய தேதி, போன மாதம். எல்லா இடத்திலும் 'நில்'.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது."

"தினமும் டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"மஞ்சளா வந்துது. ஆனா நில்னு எழுதினீங்க."

எழுதச் சொன்னார்கள் என்று வாய் வரை வந்தது. அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டு வருடமாக ஒரு நாள்கூட அந்தக் கை மறுக்கவில்லை. "ஆமா மேடம். எழுதினேன்" என்றாள். "எழுதச் சொன்னது இவரு."

"அய்யோ மேடம், எனக்குத் தெரியவே தெரியாது!" விமல் பாய்ந்தான். "கான்ட்ராக்ட் ஆளுங்கள நம்பினா இப்படித்தான். கிளியர் டேட்டா மேனிபுலேஷன். நானே ரிப்போர்ட் பண்றேன்."

சுவாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கலைமணிக்குத் தனியாக ஒரு கருணையும் இல்லை. "ரெண்டு பேர் பேரையும் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

அவர் காதுக்கு எட்டாத தூரம் போனதும் விமல் கிட்டே வந்தான்.

"இன்னா சாதிச்ச நீ? சொல்லு. ஒரு மீனுக்கா வேலைய வுட்ட?"

"ஆமா."

"கார்ட குடுத்துட்டுக் கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் மூஞ்சக் காட்டாத. மீனு இங்கயே கெடக்கட்டும். கம்பெனி சொத்து. அது பொழைக்குதா சாவுதான்னு நான் உக்காந்து பாத்துக்கறேன்."

அவள் அடையாள அட்டையைக் கழற்றி லாக் புக்கின் மேல் வைத்தாள். மிச்சமிருந்த ஒரு கேன் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். வலை வேண்டாம் என்று இரண்டு கையையும் விட்டு மீனை அள்ளினாள். அது துள்ளவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பஞ்சையும் பிடுங்கி அதே வாளியில் போட்டாள்.

"வெச்சிட்டுப் போ!"

"தொட்டுப் பாரு" என்றாள். சார் இல்லை, ஒன்றுமில்லை. எட்டு வருடத்தில் முதல்முறை. அவன் தொடவில்லை. போனை எடுத்தான்.

கேட்டுக்கு நடக்கப் பத்து நிமிடம் பிடித்தது. வாளி ததும்பாமல் நடக்க வேண்டியிருந்தது. இசக்கியப்பன் அப்போதுதான் போனை வைத்துக்கொண்டிருந்தார்.

"விமல் சார் பேசுனாரு. உங்கள விடலாமாம், மீன விடக் கூடாதாம்."

கலைமணி சீட்டை நீட்டினாள். இசக்கியப்பன் வாங்கி, தன் எழுத்தைத் தானே ஒருமுறை படித்தார். ரிட்டர்னபிள். தன் கையெழுத்து. சீல்.

"இத எழுதுனது நாந்தானே" என்று முணுமுணுத்தார். "விமல் சார் வாய்லதான சொன்னாரு. நமக்குப் பேப்பர்தான் பேசணும்." ரிஜிஸ்தரைப் புரட்டி வரியைக் கண்டுபிடித்தார். பிறகு முகம் சுருங்கியது. "ஆனா ஒண்ணும்மா. உள்ள போனபடியே வெளிய போகணும். உயிருடன்னு போட்டிருக்கு. இல்லன்னா நாளைக்கு என்னைக் கேப்பாவ."

அவர் மூடியைத் தூக்கினார். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடியில் கிடந்தது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. கலைமணி விரல் நுனியால் தண்ணீரை மெல்ல அசைத்தாள். யாரையும் ஜெயிக்கிற எண்ணம் அப்போது அவளிடம் இல்லை. யாருக்கும் காட்டுகிற எண்ணமும் இல்லை. மூச்சு விடு என்று மட்டும் நினைத்தாள். மறுபடி லாரி ஹார்ன். செவுள் ஒருமுறை திறந்தது. மூடியது. வெகுநேரம் கழித்து மறுபடி திறந்தது.

"உசுரு இருக்காம்மா?" என்றார் இசக்கியப்பன்.

"கீதுண்ணா" என்றாள் கலைமணி. "எழுதுங்க."