ஐந்நூறு டுபாய்

நளீர் காக்கா மேசையில் வைத்த பொலித்தீன் பைக்குள் ஐந்நூறு லேபிள்கள் இருந்தன. கறுப்புத் துணியில் தங்க நூலால் ‘டுபாய்’ என்று ஆங்கிலத்தில் நெய்தவை. ஸுஹைறா ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

“எங்க செஞ்சது காக்கா?”

“கொழும்புல.” அவர் சிரித்தார். “டுபாயக் கொழும்புல நெய்யிறாங்க, சாய்ந்தமருதுல தைக்கப்போறம். எல்லாம் கிட்டத்தானே தங்கச்சி.”

அண்ணன் முறைக்கு ஊரே காக்கா என்று அழைக்கும் அவருக்குக் கல்முனையில் மூன்று உடுப்புக் கடைகள். வெளிநாட்டு உடுப்புக்கு வரி கூடியதிலிருந்து பெண்கள் மேலே உடுக்கும் கறுப்பு அங்கிகளான டுபாய் ஹபாயாக்கள் வருவது குறைந்து, கடைகளின் கம்பிகள் காலியாகிக்கொண்டிருந்தன. அந்த இடத்தை நிரப்பத்தான் வீட்டின் முன்னறையில் நான்கு மெஷின் போட்டிருக்கும் ஸுஹைறாவைத் தேடி வந்திருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்நூறு. பிறகு மாதம் நூற்றைம்பது. நிபந்தனை ஒன்றுதான்: எல்லாவற்றிலும் இந்த லேபிள் இருக்க வேண்டும்.

“வியாழக்கிழம வந்து முடிவச் சொல்லுங்கவன்,” என்று எழுந்து போனார்.

மாதம் நூற்றைம்பது என்றால் பஸால் வரலாம்.

அவளுடைய கணவன் பஸால் கத்தாரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். இந்த மாத முடிவில் அடுத்த இரண்டு வருடத்துக்கு அவன் கையெழுத்து வைக்க வேண்டும். ‘நிரந்தரமா ஒரு கடை பிடிபட்டாச் சொல்லு. சைன் வெக்காம வந்திர்றன். துணி வெட்டுறன், அக்கரைப்பற்று மட்டக்களப்பு எல்லாம் நானே கொண்டு குடுக்குறன்’ என்று சொல்லியிருந்தான். கடை ஒன்று பிடிபடும்போல இருக்கிறது என்று மட்டும் அன்றிரவு அவனுக்குச் செய்தி அனுப்பினாள், லேபிளைப் பற்றி எழுதவில்லை.

முன்பும் ஒரு முறை அப்படி வந்தவன்தான். நிந்தவூரில் போன் கடை போட்டு, எட்டு மாதத்தில் மூடிவிட்டுத் திரும்பப் போனான். முதல் பயணத்தில் அவள் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை போய் அழுதாள். இரண்டாம் முறை கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் போன பிறகும், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நெடுநேரம் நின்றாள்.

அந்த எட்டு மாதத்தில்தான் அவள் தொழில் பழகினாள். பஸால் கொண்டுவந்த ஹபாயாவை ஒரு நாளும் உடுக்கவில்லை. தையல் தையலாகப் பிரித்துப் பத்திரிகைத் தாளில் பரப்பி, வெட்டிய அளவுகளை எடுத்தாள். அறைக்குள் வந்தவன் தன் அன்பளிப்பு ஏழு துண்டாகக் கிடப்பதைக் கண்டு, “பிடிக்காட்டிச் சொல்லியிருக்கலாமே புள்ள,” என்றான். அதை நினைத்து அவள் இன்றும் தனியாகச் சிரிப்பதுண்டு.

அடுத்த நாள் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விஷயத்தைச் சொன்னாள்.

“போட்டா என்ன ராத்தா?” என்றாள் மருதமுனையிலிருந்து வரும் நிப்லா. “டுபாய்ல மட்டும் ஷேக்கா குந்தியிருந்து தைக்கிறாரு? அங்கயும் நம்மளப்போல ஆருமொருத்திதான்.”

பெரியநீலாவணையைச் சேர்ந்த துஷாந்தினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தவள். “அங்க நாங்க அமெரிக்காக்குத் தச்ச காற்சட்டை எல்லாத்துலயும் இலங்கை எண்டுதான் அக்கா போட்டிருக்கும். வெள்ளைக்காரன் அதப் பாத்துப்போட்டும் வாங்குறான். நம்மட ஆக்களுக்குத்தான் இலங்கை எண்டா அலர்ஜி.”

“உனக்கென்ன, நீ ஹபாயா போடுறவளா?” என்றாள் நிப்லா.

“போடாட்டியும் உன்னவிட நேராத் தையல் அடிப்பன் பாரு.”

உள்ளேயிருந்து ஸுஹைறாவின் உம்மா, சபியா உம்மா, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு வந்தார். உடுத்திருந்தது மகள் தைத்தது. “போன கிழமையும் எல்லாரும் கேட்டாளுகள், எங்க எடுத்தீங்க எண்டு. மருமகன் கத்தாரால அனுப்பினது எண்டு சொல்லிட்டன்.”

“உம்மா!”

“பின்ன என்னகா சொல்லுற? மகள் தச்சது எண்டா, வாங்கிக் குடுக்க வக்கில்ல எண்டு நினைப்பாளுகள்.”

நிப்லா சிரித்த சிரிப்பில் அவளுடைய மெஷினில் நூல் அறுந்தது.

புதன்கிழமை ஸுஹைறா நளீர் காக்காவின் பெரிய கடைக்குப் போய், வாங்க வந்தவளைப் போல ஓரமாக உட்கார்ந்தாள். மாதிரிக்குக் கொடுத்திருந்த அவளுடைய ஹபாயா ஒன்று லேபிள் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு பெண் அதைத் தொட்டாள். கையை உள்ளே விட்டுத் துணி விழும் விதத்தைப் பார்த்தாள். தோளில் வைத்துக் கண்ணாடி முன் நின்று, அப்படியும் இப்படியும் திரும்பினாள். ஸுஹைறா இருக்கையின் நுனிக்கு வந்தாள். அந்தப் பெண் ஹபாயாவின் கழுத்தைத் திருப்பி லேபிளைத் தேடினாள்.

“இது நம்மட ஊர்த் தையல்,” என்று கூட வந்தவளிடம் சொல்லித் திரும்ப மாட்டினாள். குரலில் வெறுப்பு எதுவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த டுபாய் ஹபாயாவை எடுத்தாள்.

ஸுஹைறாவால் பொறுக்க முடியவில்லை. “ராத்தா, அதுட விளிம்பு பிரிஞ்சிருக்கு.”

அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, “ஓம்தான். பரவாயில்ல, ஊருல ஆரையும் பிடிச்சுத் தச்சிக்கலாம்,” என்றாள்.

அன்று ஸுஹைறா பஸ் எடுக்காமல் வீட்டுக்கு நடந்தாள். வரி கூடியதைப் போல ஒரு நாள் குறையும். அப்போது உண்மையான டுபாய் வந்து அந்தக் கம்பிகளில் தொங்கும். அவள் தைத்ததை உடுத்த ஐந்நூறு பேரில் ஒருத்திக்குக்கூட அது சாய்ந்தமருதில் தைத்தது என்று தெரிந்திருக்காது. ஒருத்தியும் தேடி வரமாட்டாள். நான்கு மெஷினும் துணி போர்த்திக் கிடக்கும். பஸால் மறுபடியும் பையைத் தூக்குவான். மூன்றாவது முறை அந்தப் பஸ்ஸடியில் நிற்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் வர வேண்டும். ஆனால் திரும்பிப் போகத் தேவையில்லாதபடி வர வேண்டும்.

வியாழக்கிழமை பையைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்கட லேபிளோட எடுங்க காக்கா. சாய்ந்தமருதுத் தையல் எண்டு போட்டுத் தாறன்.”

“வீம்பு பிடிக்காதீங்க தங்கச்சி. மாப்பிள்ள வரப்போறாரு எண்டும் கேள்விப்பட்டன்.”

அவள் பையை இன்னும் அவர் பக்கமாகத் தள்ளினாள். அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். “நாப்பது தாங்க. பெருநாளைக்குப் போட்டுப் பாப்பம். விலைபோகாட்டித் திருப்பி எடுக்கணும். சரியா?”

“சரி.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பஸால் அழைப்பான். அவனுக்கு அதுதான் விடுமுறை நாள். இங்கே பின்னேரம் மூன்று மணி. நிப்லாவும் துஷாந்தினியும் வராத நாள் என்பதால் வீடு அமைதியாக இருந்தது. இரட்டைத்தட்டுக் கட்டிலின் மேல்தட்டில் சாய்ந்திருந்த அவன் முகம் போனில் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “உங்களக் கேக்காம முடிவெடுத்துட்டன். கேட்டா நீங்க போடச் சொல்லியிருப்பீங்க,” என்றாள்.

“ஓம். சொல்லியிருப்பன்.”

அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அவளுக்கு அவனுடைய காது மட்டும் தெரிந்தது. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கோவமா?”

“கோவமில்ல புள்ள. நேத்துத்தான் ஊருக்கு வாறதுக்குப் பெட்டி ஒண்டு வாங்கி வெச்சன். பெரிசு.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “ஒரு வருஷத்துக்குத் தருவானுகளா எண்டு கேட்டுப் பாக்குறன். ரெண்டு வேணாம்,” என்றான்.

“ஒரு வருஷம்,” என்றாள் அவள்.

“இண்டைக்கு வேல இல்லையா?”

“நாப்பதுக்கும் வெட்டி வெச்சிருக்கு. நான்தான் தொடங்கல.”

“தொடங்கு. போனக் கட் பண்ணிராத, மேசையில வை. நீ தைக்கிறதக் கேட்டுக்கிட்டு இரிக்கன்.”

அவள் போனை நூல்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, முதல் ஹபாயாவின் அடிவிளிம்பை மடித்து மிதியில் காலை வைத்தாள். வழக்கமாக ஒவ்வொரு சாணுக்கும் நிறுத்தி நேர் பார்ப்பவள், இன்று நிறுத்தவில்லை. விளிம்பு முழுவதையும் ஒரே ஓட்டமாக ஓட்டினாள். முடிந்ததும் அடுத்ததை எடுத்தாள். போனில் அவன் கண்களை மூடியிருந்தான். தூங்கிவிட்டானா, கேட்கிறானா என்று தெரியவில்லை. அவள் தைத்துக்கொண்டே இருந்தாள்.