ஜில்லா எழுதாத பொன்னேரி

அந்த மகராசன்களைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு வாயில் நல்லா வந்துவிடும். நோயில் கிடக்கும் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றுகிறார்களாம். சென்னையில் ஆபீஸ், சின்னச்சிறகு அறக்கட்டளை என்று பெயர். 2005 கார்த்திகையில், திருச்சி ஆஸ்பத்திரியில் என் தங்கச்சி மகள் அனிதா ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்தபோது வார்டுக்குள் வந்தார்கள். தங்கச்சி சசிகலாவுக்குக் கைக்குழந்தை. அதனால் ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையை விட்டுவிட்டு நான்தான் பிள்ளைக்குத் துணை இருந்தேன்.

கழுத்தில் அட்டை தொங்க ஒருவன் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தான். திருமுருகன் என்று பெயர்.

"பாப்பாவுக்கு வெளியில எங்க போகணும்? எங்க வேணாலும் சொல்லு."

"பொன்னேரி" என்றாள் அனிதா. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அவளுக்கு ஊர் கங்கைகொண்ட சோழபுரம். பொன்னேரி அங்கே இருக்கிற ஏரி. ஒன்பது வயது வரை அதைக் கருவேல முள்ளும் ஆட்டுப் புழுக்கையுமாகத்தான் பார்த்திருக்கிறாள். அந்த வருஷம் அடித்த மழையில் ஏரி ரொம்பிவிட்டது என்று சசிகலா போனில் சொன்னதிலிருந்து ஒரே பேச்சுதான். படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

டாக்டரும் சம்மதித்தார். ஒரே ஒரு நாள்தான், அடுத்த மருந்து ஏற்ற ஆரம்பித்தால் மாசக்கணக்கில் வெளியே விட முடியாது என்றார். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவள் நாலு வாய் சோறு தின்றாள்.

திருமுருகன் பாரத்தை நீட்டினான். மாவட்டம் என்று ஒரு கட்டம். எனக்குக் கை நின்றுவிட்டது. பிறந்தபோது திருச்சி ஜில்லா என்றார்கள், பிறகு பெரம்பலூர் என்றார்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால் அரியலூரைத் தனி ஜில்லா ஆக்கி, அடுத்த வருஷமே திரும்பப் பெரம்பலூரோடு ஒட்டினார்கள். நாங்கள் எந்த ஜில்லா என்று எங்களுக்கே சந்தேகம்.

"என்ன சார் எழுதறது?"

"விட்டுடுங்கம்மா, ஆபீஸ்ல ஃபில் பண்ணிப்பாங்க."

நானும் ஒரு கூறுகெட்டவள், விட்டுவிட்டேன்.

விடியற்காலை வேன் வந்தது. அனிதா வாய்க்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பெரம்பலூர் வந்ததும் நான் சொன்னேன்: "டிரைவர் தம்பி, அரியலூர் ரோட்டுல வலது பக்கம் திரும்புங்க."

"எங்களுக்கு வழி தெரியும்மா" என்றான் டிரைவர். திருமுருகன் முன்னால் இருந்து திரும்பிச் சிரித்தான். "சர்ப்ரைஸ் எல்லாம் இருக்கு, பேசாம வாங்க."

படித்தவர்கள் வேறு வழியில் போகிறார்கள் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். திண்டிவனம் என்று பலகையைப் பார்த்ததும் கத்தினேன். அப்போதுதான் அவன் ஃபைலைப் பிரித்துக் காட்டினான். பொன்னேரி, திருவள்ளூர் மாவட்டம் என்று அழகாக டைப் அடித்திருந்தது. அது சென்னைக்கும் அந்தாண்டை இருக்கிற ஒரு டவுன்.

"அடப்பாவி! எங்க ஊரு ஏரி சார். ஊட்லேருந்து நடந்து போற தூரம்!"

"பாதி வழி வந்தாச்சேம்மா. அங்க எல்லாரும் வெயிட் பண்றாங்க. இது அதவிடப் பெரிய ப்ரோக்ராம்."

மத்தியானம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். கடைத்தெருவில் பேனர், மாலை, போட்டோக்காரன். அனிதா சுற்றிமுற்றிப் பார்த்தாள். "இங்க ஏரியக் காணுமே பெரியம்மா?" என்றாள். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இழுத்துப் போய்ப் படகில் ஏற்றினார்கள். முந்திரி எண்ணெயில் வெந்து கறுத்த என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா, கைய மட்டும் சேலைக்குள்ள வச்சுக்கங்க" என்றான் போட்டோக்காரன். அதே கையில்தான் படகு ஓரத்தில் அவள் எடுத்த வாந்தியைப் பிடித்தேன். அதை எவனும் போட்டோ எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் காய்ச்சல். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இனி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, திங்கட்கிழமை மருந்து என்றார்.

நாலாம் நாள் திருமுருகன் ஒரு காகிதத்தோடு வந்தான். ஆசை நிறைவேறியது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"எது நெறவேறுச்சு? போட மாட்டேன். புள்ளைக்குத் தெம்பு வந்ததும் வேன எடுத்துட்டு வாங்க. நானே வழி காட்டறேன்."

"ஒரு குழந்தைக்கு ஒரு ஆசைதாம்மா. இது ரூல்."

"ஒங்க ரூல்ல தீய வைக்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த ஃபைல மூடினாத்தான் இந்த வார்டுல அடுத்த ஃபைல் தொறக்க முடியும். பக்கத்து பெட்டு பாப்பாவும் கேட்டிருக்கு."

பக்கத்துக் கட்டிலில் தா.பழூர் கலையரசி, ஏழு வயது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிச்சை போட வந்தவன் இரண்டு பிள்ளைகளையும் மோத விடுகிறானே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காகிதத்தைக் கசக்கத்தான் வாங்கினேன்.

"போட்டுடு பெரியம்மா" என்றாள் அனிதா.

"நீ சும்மா இரு பாப்பா. அப்ப நம்ம ஏரி?"

"கலையரசி கடல் பாக்கணுமாம்." அவள் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "கடல்னா ஒண்ணுதான பெரியம்மா? மாத்திக் கூட்டிட்டுப் போவ மாட்டாங்க."