நீளத் துப்பாக்கிக்கு ஒரு வழி

"இடது பக்கம் சாய்ங்க பாய், சுவர்ல இடிக்குது!" என்று கத்தினான் பெபின்.

முகம்மது ரிபாய் கட்டில் பலகையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தபடி காலடியில் பார்த்தார். அங்கே சுவர் எதுவும் இல்லை. ஷார்ஜா தொழிலாளர் கேம்ப் அறையின் தரையில் மஞ்சள் டேப்தான் ஒட்டியிருந்தது. ஆனாலும் பின்வாங்கினார். மூன்று வருடப் பழக்கம். டீ கொண்டுவரும்போதுகூட அந்த டேப்புக்குள்ளேயே நடந்து, வலப்பக்கம் திரும்பித்தான் வருவார்.

ஒட்டியவர் பெபினின் அக்கா புருஷன் ஞானசிங். குளச்சல் பக்கம் அவர் கட்டிய வீட்டின் நடை அது, அங்குலம் பிசகாமல். மூன்றரை அடி அகலம், ஒரு திருப்பம், அதைத் தாண்டினால் ஹால். அக்கா சுகிர்தராணி தனியாக இருந்த ஒரு மழைநாளில் எவனோ பின்கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கே ஷார்ஜாவில் அத்தானுக்கும் மச்சினனுக்கும் சண்டை ஆரம்பித்தது: வீட்டுக் காவலுக்கு இரட்டைக்குழல் துப்பாக்கியா, பிஸ்டலா? அந்த நடையில் எது திரும்பும் என்று சோதிக்கத்தான் டேப்.

இருவரும் ஆயுசில் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. பைப் ஃபிட்டரான அத்தான் நாலடி பி.வி.சி. பைப்பைத் தோளில் வைத்துக்கொள்வார். எலக்ட்ரீஷியன் பெபின் பேட்டரி ட்ரில்லை நீட்டுவான்.

"பிஸ்டல்னா கை நடுங்கும் லே. குண்டு பக்கத்து வீட்டு பீரோவுக்குப் போவும். இதுன்னா தோள்ல உக்காரும். குறி கொஞ்சம் தப்புனாலும் ரவை சிதறும். பாத்தாலே கள்ளன் ஓடிருவான்."

"சரி அத்தான், அந்தத் திருப்பத்துல திருப்புங்க பாப்போம்."

திருப்புவார். பைப் டேப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும்.

"சுவர்ல இடிச்சாச்சு! கள்ளன் சிரிச்சிட்டு நிக்கான். பிஸ்டல்னா ஒரு கையில அது, மத்த கையில டார்ச். முடிஞ்சுது."

அறையே கைதட்டும். "முதல்ல லைசென்ஸ் யாருப்பா குடுப்பா?" என்று ரிபாய் கேட்டால், இருவரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள்.

நான்கு நாளைக்கு முன்னால் சைட்டில் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவப் போன அத்தான், குழாயடியிலேயே சரிந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது. நெஞ்சுவலி. பேப்பர் வேலையெல்லாம் முடிந்து, நாளைக் காலை விமானத்தில் அத்தானின் உடலோடு பெபின் ஊருக்குப் போகிறான். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவிய கட்டுன வீடு லே. வெளியே பந்தல்லயே வச்சு அனுப்பிராதீங்க. ஹால்ல ஒரு மணி நேரமாவது கெடத்தணும்."

சவப்பெட்டி ஆறே முக்கால் அடி. பலகையும் கிட்டத்தட்ட அதே நீளம். மூன்று தடவை தூக்கிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.

"பெட்டிய நிமித்திக்கலாம்ல தம்பி?"

"அத்தானையா? எந்திரிச்சு திட்டுவாரு பாய்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பலகையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். அக்காவின் ஒரே ஒரு ஆசை, அதைக்கூட நடத்தித் தர முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரிபாய் டீ போடப் போனார். பெபின் போனை எடுத்தான்.

"அக்கா, ஹாலுக்குக் கொண்டு போவ முடியாதுக்கா. திருப்பத்துல பெட்டி மாட்டும். அளந்து பாத்துட்டேன்."

"எந்தத் திருப்பம் லே?"

"நடையில உள்ள திருப்பம்தான்."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்தச் சுவருதான் இப்பம் இல்லியே. போன மாசம் அவியதான் கொத்தனார விட்டு இடிக்கச் சொன்னாவ. ஒங்கிட்ட மூச்சு விடப்பிடாதுன்னாவ. லீவுக்கு ரெண்டு பேரும் சேந்து வரும்போ, நீளத் துப்பாக்கி திரும்புதா இல்லியான்னு அந்தப் பயலுக்குக் காட்டணும்னு..." அழுகைக்கு நடுவே அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நெசமாவாக்கா?"

"நேரா ஹாலு தெரியுது லே. கொண்டு வா."

பெபின் போனை வைத்தான். துப்பாக்கி கிடையாது. லைசென்ஸ் கிடையாது. மச்சினனை ஜெயிக்கச் சுவரை இடித்திருக்கிறார் மனுஷன்!

"கள்ள ஆட்டம் அத்தான்!" என்று அத்தானின் வெறும் கட்டிலைப் பார்த்துக் கத்தினான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

குனிந்து, திருப்பத்து டேப்பை நகத்தால் கிளப்பி உரித்தான். பழைய டேப், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

இரண்டு கிளாஸ் டீயோடு வந்த ரிபாய் வழக்கம்போல நடைக்குள் நுழைந்து, திரும்ப வேண்டிய இடத்தில் நின்றார். தரையைப் பார்த்தார். பிறகு நேராக நடந்து வந்து டீயைக் கொடுத்தார்.