எல்லாரும் எழுதிய ஐம்பத்தேழு

அந்த வருஷம், 1983-இல், ஐந்தாம் வகுப்புக்கு வட்டாரம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள் வைத்தார்கள். விடைத்தாள்களை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துத் திருத்தினார்கள். திருத்தி முடித்த மறுநாள் கல்வி அலுவலர் நல்லுசாமி டோரதி டீச்சரை அங்கே வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

டோரதி பொன்மலை ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. தன் வகுப்பில் ஒருவர்கூடக் கணக்கில் தோற்கவில்லை என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நல்லுசாமி பாராட்டவில்லை.

"உக்காருங்க டீச்சர். இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு கட்டு விடைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

புரட்டினாள். விடைகள் பெரும்பாலும் சரியாக இருந்தன. ஆனால் கணக்குப் போட்ட வழி எதிலும் இல்லை. வெறும் விடை மட்டும், பெரிய பெரிய எண்களில்.

"ஏழாவது கணக்கைப் பாருங்க."

நாற்பத்தெட்டு மீட்டர் நீளமும் முப்பத்தாறு மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தைச் சுற்றி மூன்று மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் எத்தனை கம்பம் வேண்டும் என்பது கேள்வி. சரியான விடை ஐம்பத்தாறு. எல்லாப் பிள்ளைகளும் ஐம்பத்தேழு என்று எழுதியிருந்தார்கள்.

"சரியா எழுதினா பத்துப் பேர் சரியா எழுதலாம். தப்பா எழுதினா ஆளுக்கொரு தப்பு வரும். எல்லாரும் ஒரே தப்பு எப்படிங்க பண்ணுவாங்க?"

"நான் இந்த மாதிரிக் கணக்கை போர்டுல போட்டுக் காட்டியிருக்கேன் சார். ஐம்பத்தாறுதான் வரும்."

"உங்க ஸ்கூல்ல பிள்ளைங்க குறைஞ்சுட்டாங்க, ஒரு போஸ்ட் போகப்போகுது, அது உங்க போஸ்ட்டுன்னு சொல்றாங்க. ரிசல்ட் நல்லா இருந்தா பிள்ளைங்க சேருவாங்க, போஸ்ட் தப்பிக்கும். நான் தப்பா நினைக்கலைங்க. நினைக்க வைக்குது."

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. தேர்வு நாளில் அவளை அரியமங்கலத்துப் பள்ளிக்கு மேற்பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். தன் பிள்ளைகளின் அறைக்குள் அவள் காலே வைக்கவில்லை. அப்படியானால் அறையில் நின்றது யார்? வேறு பள்ளியிலிருந்து வந்த யாரோ ஒரு வாத்தியார். அவருக்கு இந்தப் பிள்ளைகள் மேல் என்ன அக்கறை? யோசிக்க யோசிக்க அந்த முகம் தெரியாத மனிதரைவிட, முகம் தெரிந்தவர்கள்தான் மனதில் வந்தார்கள்.

மறுநாள் இருசம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள். வகுத்தல் கணக்கு என்றாலே அழுகிற பெண் அது. எண்பத்தொன்று வாங்கியிருந்தது.

"பயப்படாதடி. அடிக்க மாட்டேன். விடையெல்லாம் யாரு சொன்னா?"

இருசம்மாள் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள். "தண்ணி குடிக்க நாலு நாலு பேரா வெளிய விட்டாங்க டீச்சர்."

"தண்ணிப் பானைகிட்ட யாரு இருந்தா?"

பெண்ணின் பார்வை ஒரு கணம் தலைமையாசிரியர் அறைப்பக்கம் போய்த் திரும்பியது.

தலைமையாசிரியர் அற்புதசாமி, டோரதிக்கு முதன்முதலில் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் முழங்காலிட்டிருப்பவர். ஒரு பிள்ளையின் பார்வையை நம்பி அவரைச் சந்தேகிப்பதா? சந்தேகிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு வினாத்தாளோடு அவர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ஏழாவது கணக்குல ஒரே குழப்பமா இருக்கு. கொஞ்சம் போட்டுக் காட்டுறீங்களா?"

அற்புதசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓரத்தில் பென்சிலால் போட்டார். "சுற்றளவு நூத்தி அறுபத்தெட்டு. மூணால வகுத்தா ஐம்பத்தாறு. முதல் கம்பத்தையும் சேர்க்கணும்ல? ஐம்பத்தேழு."

டோரதி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"சுத்தி வந்தா கடைசிக் கம்பமும் முதல் கம்பமும் ஒண்ணுதான் சார். ஐம்பத்தாறுதான். எல்லாப் பிள்ளைங்களும் ஐம்பத்தேழு எழுதியிருக்காங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே ஒர்க்ஷாப் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்தவர்களின் சைக்கிள் மணிச் சத்தம் தெருவை நிறைத்தது. அது அடங்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்காகத்தான் செஞ்சேன். இன்னாசிராஜுக்கு மில் மூடினதுலேருந்து உன் சம்பளந்தான் வீட்டுக்கு. போஸ்ட் போனா என்ன பண்ணுவே?"

கணவனின் பெயரை அவர் வாயில் கேட்டதும் டோரதிக்குக் கண் கலங்கியது. மறுகணமே வேறொன்று தோன்றியது. அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறுகிறார். நல்லாசிரியர் விருதுக்குப் பேர் போயிருக்கிறது என்று பேச்சு. எனக்காகவா, தனக்காகவா?

"ஆபீசர் என்னைத்தான் சந்தேகப்படுறார் சார். நீங்க போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா என் பென்ஷனுக்கே உலை வெச்சிருவாங்க. உன் மேல ஆதாரம் எதுவும் இல்ல. கொஞ்ச நாள்ல அடங்கிடும்மா."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கும்பிட்டுவிட்டு வெளியேறினாள். மறுநாள் காலை நல்லுசாமியிடம் போய், "என் பிள்ளைங்களுக்கு மறுபடி பரீட்சை வைங்க சார். நான் அந்தப் பக்கமே வரல. எங்க ஸ்கூல்ல யாரும் வர வேண்டாம்" என்றாள். அற்புதசாமியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், பழியைத் தள்ளிவிடுகிறாள் என்றுதான் நல்லுசாமி நினைத்திருப்பார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மறுபரீட்சையில் பாதிப் பேர்தான் தேறினார்கள். இருசம்மாள் தோற்றாள். அவள் அம்மா வீரம்மாள் பள்ளி வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"பாஸுன்னு நீங்கதானே சொன்னீங்க? தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தேன். இப்ப பெயிலுங்கறீங்க. எம்புள்ளைய வெச்சு என்ன வெளையாட்டுங்க இது?"

"சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புங்க. நான் சொல்லித் தரேன்" என்றாள் டோரதி. வீரம்மாள் அனுப்பவில்லை.

ஜூனில் போஸ்ட் போனது. பள்ளி நிர்வாகம் டோரதியைத் தன்னுடைய சமயபுரத்துப் பள்ளிக்கு மாற்றியது. அடுத்த வருஷம் அற்புதசாமி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். விழாவுக்கு அவளுக்கும் அழைப்பு வந்தது. அவள் போகவில்லை.

புதுப் பள்ளியின் தலைமையாசிரியை சகாயம்மாள் சிரித்துப் பேசுகிறவர். ஆனால் வினாத்தாள் கட்டு வந்த நாளில், டோரதி அறைக்குள் வந்ததும் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, ரொம்பத் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். பொன்மலையில நிஜமாவே நீங்க சொல்லித் தரலையா?"

"இல்லைங்க."

"அப்ப யாரு?"

"அது என் வாயால வர வேண்டாங்க" என்றாள் டோரதி.

சகாயம்மாள் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று டோரதிக்குத் தெரியவில்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போய், போர்டைத் துடைத்துவிட்டு, வகுத்தல் கணக்கை முதலிலிருந்து தொடங்கினாள்.