குழியில் விழுந்தவனைப் பற்றிய கேள்வி

ரெண்டு மணிக்குப் பாதுகாப்பு அட்டைக்கான பரீட்சை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் திங்கட்கிழமை கட்டுமான சைட் கேட்டில் கிளைவை உள்ளே விட மாட்டார்கள். பாதுகாப்பு அட்டை இல்லாதவன் காலமெல்லாம் சாக்கடைக் குழாய் பதித்தவனானாலும் சரி, மகாராஜாவானாலும் சரி, வெளியேதான். ஏற்கெனவே ரெண்டு தடவை தோற்றாயிற்று. ஐம்பதைத் தாண்டியவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பரீட்சை மையத்துக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டு, லொரெய்ன் போனைப் பார்த்துக் கிளைவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். சைட் கேன்டீனில் டீ ஊற்றுகிறவள் அவள்தான். கிளைவோடு ஒரே கேங்கில் வேலை செய்து செத்துப்போன நெவிலின் மனைவி.

"கரன்ட்ல தீப்பிடிச்சா எந்த சிலிண்டரு?"

"கறுப்புப் பட்டை போட்டது. இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், தாயே."

"அப்புறம் எப்படிய்யா ரெண்டு தடவ குப்புற விழுந்த?"

"நேரம் பத்தல."

"அம்பது கேள்விக்கு முக்கா மணி நேரம் தர்றான். உள்ள போய்ப் படுத்துத் தூங்கினியா?"

கிளைவ் சிரிக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் வராமலிருக்க வேண்டும் என்று அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவேதான் வந்தது.

"சாக்கடைக் குழிக்குள்ள ஒருத்தன் மயங்கிக் கிடக்கான். மேல நீ நிக்கிற. என்ன பண்ணுவ?"

"அடுத்தது கேளு."

"இதுக்குச் சொல்லு."

"தெரியும், விடு."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன கேடு?"

என்ன கேடா? ஆறு வருஷத்துக்கு முன்னால் குழிக்குள் மயங்கிக் கிடந்தவனே அவன்தான். கூட்டாளி விழுந்தால் யோசிக்காமல் இறங்குவதுதான் அந்தக் கேங்கில் எல்லாருக்கும் பழக்கம். நெவிலும் இறங்கினான். கிளைவைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். விஷக்காற்று நெவிலை விடவில்லை.

பரீட்சையில் அந்தக் கேள்வி திரையில் வந்ததும் கிளைவின் விரல் மரத்துப்போகும். தள்ளி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்தான். மனசு போனால்தானே! கடிகாரம் பாட்டுக்கு ஓடிவிடும்.

"இறங்கக் கூடாது. சத்தம் போட்டு ஆளக் கூப்பிடணும்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த விடையத் தொட்டா நெவில் பண்ணது தப்புன்னு நானே சொன்ன மாதிரி, லொரெய்ன். அவன் இறங்கலன்னா இன்னைக்கு நான் இல்ல. எந்தக் கையால தொடுறது?"

லொரெய்ன் போனை மடியில் வைத்தாள்.

"தப்புதான்" என்றாள். "சத்தம் போட்டிருந்தா தீயணைப்புக்காரங்க காத்து சிலிண்டரோட வந்திருப்பாங்க. நீ பொழச்சிருப்பியோ, மாட்டியோ. அவன் வீட்டுக்கு வந்திருப்பான்."

"நான் செத்திருக்கலாம்னு நெனச்சியா?"

"நெனச்சேன். மொத வருஷம் பூரா, உனக்கு டீ ஊத்துறப்பல்லாம் நெனச்சேன்."

இவ்வளவு நாளும் அந்த டீயைத்தானே குடித்தோம் என்று கிளைவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்ப கோவமெல்லாம் அவன் மேலதான்யா. நாளைக்கு வேற எவனாவது விழுந்தா நீயும் குதிப்பியா? உன் பொண்டாட்டியும் என் பக்கத்துல நின்னு டீ ஊத்தணுமா? நேரமாச்சு, இறங்கு."

உள்ளே அந்தக் கேள்வி வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. கடிகாரம் ஓடியது. "மன்னிச்சுக்கடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான் கிளைவ். பக்கத்து மேசைக்காரன் முறைத்தான். கிளைவ் திரையைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

வெளியே வந்தபோது லொரெய்ன் அதே இடத்தில் வேனில் உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்" என்றான்.

"அந்தக் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன போட்ட?"

"இறங்க மாட்டேன்னு போட்டேன்."

சாவு வீட்டில்கூட அழாதவள் என்று சைட்டில் பேர் வாங்கிய லொரெய்ன், ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.